செக் என்ஜின் எரியுதா? சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி…

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள காலி மனைகளும் அறுவடை முடிந்த கொல்லைகளும் கார் நிறுத்தமாகிவிடும். கிரிவலப் பாதைக்குள் வண்டியை விடமாட்டார்கள். வேலூர், திண்டிவனம், செங்கம், திருக்கோவிலூர் என எந்தச் சாலையில் வந்தாலும் ஊருக்கு வெளியிலேயே ஓரங்கட்ட வேண்டியதுதான். குடும்பம் இறங்கி 14 கிலோமீட்டர் நடக்கப் போய்விடும். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டு, வருண லிங்கத்தையும் தாண்டி, மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையில் ஆதி அருணாசலேஸ்வரரைப் பார்க்கும்போது ஏறக்குறைய பாதி தூரம்தான் ஆகியிருக்கும். முழுச் சுற்று முடிய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை டிரைவர் என்ன செய்வார்? சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவார்.

அவருக்கு எதிரே மீட்டரில் என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கலாம். கேட்டால், “அது ரெண்டு மாசமா எரியுது சார். ஓ2 சென்சார்தானாம். வண்டி ஓடுதுல்ல, ஒண்ணும் ஆகாது” என்பார்.

வண்டி ஓடும் என்பது உண்மை. ஆக்சிஜன் சென்சார் பழுதான கார் நடுவழியில் நிற்பது அபூர்வம். அதனாலேயே இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துகிறவர்களும் பட்டறையில் முதல் வேலையாகச் சென்சாரை மாற்றிவிட்டு, பத்து நாளில் அதே விளக்கு மறுபடி எரிவதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய தொல்லைகள்.

விறகடுப்புக் கணக்கு

1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கரியும் கார்பன் மோனாக்ஸைடும் வெளியேறும். காற்று மிஞ்சினால் வண்டி திக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் கூடும். விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. புகை கிளம்பினால் ஊதுகுழலை எடுப்பார்கள், தீ அடங்கினால் விறகைத் தள்ளுவார்கள். காரில் இந்த வேலை ஈசியு என்ற கணினிக்கு. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால்தான் பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று அது முடிவு செய்ய முடியும். அதைச் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சார்.

ஸ்பார்க் பிளக் அளவில் இருக்கும் இதன் உள்ளே, பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான் இருக்கிறது. பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் சைலன்சருக்குப் போகும் புகை. சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு பக்க ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும். நடுவே 0.45. ஓடுகிற என்ஜினில் நல்ல சென்சாரின் அளவு இந்த இரண்டு முனைக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிர்கோனியாவின் குணத்தை முதலில் பயன்படுத்தியவர் ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட். 1897-ல் அவர் அதை வைத்துச் செய்தது ஒரு மின்விளக்கு! 1920-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பீங்கானைக் காரின் புகைக்குழாயில் பொருத்தும் அளவுக்குத் தேற்றியது பாஷ் நிறுவனம். 1976-ல் வால்வோ கார்களில் ‘லாம்ப்டா சென்சார்’ என்ற பெயரில் அது வந்தது. கலிஃபோர்னியாவின் கறாரான புகைச் சட்டம்தான் அதற்குக் காரணம். சட்டம் நெருக்காமல் எந்தக் கார் கம்பெனியும் புகையைப் பற்றித் தானாகக் கவலைப்பட்டதாக வரலாறு இல்லை.

நம் ஊருக்கு அது வந்து சேரத் தாமதமானதற்குப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயமும் ஒரு காரணம். ஈயம் பட்டால் சென்சாரும் கெடும், அதற்கு அடுத்திருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்கள் கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கேதான் முதலில் கிடைத்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். இடையில் 1998-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, கார்புரேட்டருக்கு விடைகொடுத்து எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) என்ற சொல்லை நடுத்தரக் குடும்பங்களின் வாயில் நுழைத்தது. பிறகு பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) கார்களில் 2013 ஏப்ரல் முதல், கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட் அதற்கானதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் பைக்குகளும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின, அவற்றின் புகைக்குழாயிலும் இந்தச் சென்சார் ஏறிக்கொண்டது. ஆக, இது கார்க்காரர்களுக்கு மட்டுமான சமாசாரம் இல்லை. அடி அண்ணாமலையில் பால் கேனை மாட்டிக்கொண்டு போகிறவரின் வண்டியிலும் ஆரஞ்சு விளக்கு இருக்கிறது.

எலியும் மல்லாட்டையும்

சென்சார் எப்படிக் கெடுகிறது? வயதாகிச் சாவது ஒரு வகை. ஹீட்டர் வைத்த சென்சார் சுமார் 1 லட்சம் கிலோமீட்டர் தாங்கும், புதிய தட்டை வகை அதற்கு மேலும் உழைக்கும். அதற்கு முன்பே போனால் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் முதல் சந்தேகம் எலி மேல்தான் விழவேண்டும். இது மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் சீமை. கொல்லைக்காட்டு எலிக்கு, இரவில் வந்து நிற்கும் காரின் பானெட்டுக்குள் இருக்கும் கதகதப்பு பிடித்துப்போகிறது. வந்த எலி சும்மா இருக்காது, ஒயரைக் கடிக்கும். நான்கு ஒயர் உள்ள சென்சாரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று எர்த்துக்கு. ஹீட்டர் ஒயர் ஒன்று அறுந்தாலும் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0135 என்று வரும். “ஓ2 சென்சார் ஹீட்டர் ஃபெயிலியர்” என்று படித்துவிட்டு, பீங்கானுக்கு ஒன்றுமே ஆகாத சென்சாரைக் கழற்றி வீசுகிறார்கள். கடிபட்ட ஒயர் அப்படியே கிடக்கிறது.

அறுந்த ஒயரை ஒட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல சென்சார்கள் தமக்குத் தேவையான வெளிக்காற்றை ஒயரின் உள்ளிருக்கும் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. சால்டர் வைத்து உருக்கி ஒட்டினால் அந்த வழி அடைபட்டுப் போகும். அதனால் கிரிம்ப் செய்துதான் இணைக்க வேண்டும். கப்ளருக்குள் கிரீஸ் தடவுவதும் கூடாது. ஒயர் கலரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஷ் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல். கலரை மட்டும் பார்த்து ஒரு கம்பெனி ஒயரை இன்னொன்றோடு முறுக்கிவிட்டால் கதை கந்தல்.

அடுத்தது தண்ணீர். நெருப்பாகக் கொதிக்கும் பீங்கான்மேல் திடீரென்று தண்ணீர் பட்டால் விரிசல் விழும். கார்த்திகை தீபம் வருவதோ மழைக்காலத்தில். முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்குபவர்களும், நீண்ட பயணம் முடிந்த சூட்டோடு அடிப்பக்கத்தில் பிரஷர் வாட்டர் அடிப்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பட்டறையில் நாமே வாங்கி வருவது. வால்வு கவரிலோ புகைப்பாதையிலோ கண்ட சிலிகான் பேஸ்ட்டையும் அப்பினால் அதன் ஆவி சென்சார்மேல் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். ‘சென்சார் சேஃப்’ என்று போட்ட பேஸ்ட் கடையில் கிடைக்கும்போது வேறு எதற்கு?

கழற்றிய சென்சாரின் முனை என்ஜினைப் பற்றி நிறையச் சொல்லும். கரிக்கறுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டினால் பெட்ரோல் மிதமிஞ்சி எரிகிறது. வெள்ளைத் தூளாக இருந்தால் சிலிகான். வெண்மையோடு பச்சை கலந்து பொரிந்திருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது, அதாவது ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பழுப்பேறிப் பிசுபிசுத்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. மெக்கானிக் பழையதைக் குப்பையில் போடுமுன் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். மூலக்காரணம் அப்படியே இருக்கும்போது புதுச் சென்சார் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

“என்ன கோடு வருது?”

விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். நிலையாக எரிந்தால் சில நாளில் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் என்ஜின் மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அப்போது வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுவதே புத்திசாலித்தனம். அந்த நேரம் பார்த்து அறுவடை முடிந்த கொல்லையில் காய்ந்த சருகின்மேல் காரை நிறுத்தாதீர்கள். சூடேறிய கன்வெர்ட்டர் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் என்று கார்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்ன கோடு வருது?” என்பதுதான். பி0130-ல் தொடங்கும் எண்கள் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரைப் பற்றியவை. பி0136 முதல் பி0141 வரை பின்னால் உள்ளதைப் பற்றியவை. முன்னது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும், பின்னது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும். மைலேஜ் குறைகிறது, பிக்கப் இல்லை என்றால் முதலில் முன்னதைத்தான் பார்க்க வேண்டும். பி0171 வந்தால் காற்று அதிகம் என்று பொருள். அதற்குச் சென்சார் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வெடித்த வேக்யூம் ஹோஸ், அடைத்த ஃப்யூயல் ஃபில்டர், சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்த புகைக்குழாய் எதுவாகவும் இருக்கலாம். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று நுழைந்தால், சென்சார் தான் கண்டதைத்தான் சொல்லும். அதை நம்பி ஈசியு பெட்ரோலைக் கூட்டும். பி0420 வந்தால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள், பெரும்பாலும் சென்சாரை மாற்றிப் பயன் இருக்காது.

ஸ்கேனரில் ‘லைவ் டேட்டா’ திறந்து, சூடான என்ஜினில் சென்சார் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நின்றால் கோளாறு. ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. (சில புதிய கார்களில் முன் சென்சார் ‘வைட்பேண்ட்’ வகை. அதற்கு இந்த 0.1 முதல் 0.9 வோல்ட் கணக்குப் பொருந்தாது. இது தெரியாமல் நல்ல சென்சாரைக் குற்றம் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு.) இந்த இரண்டையும் காட்டாமல், “மாத்திட்டுப் பாக்கலாம்ண்ணே” என்று சொல்பவரிடம் உங்கள் பணத்தில் பாடம் படிக்க அனுமதி கொடுக்காதீர்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுவது நல்லது. ஆறிப்போன துருவில் மரை கிழிந்துவிடும். ஒயருக்கு வழிவிடும்படி வெட்டுள்ள 22-ம் நம்பர் சாக்கெட் வேண்டும். புதுச் சென்சாரின் மரையில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும், முனையில் எதுவும் படக்கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டக்கூடாது. உள்ளிருப்பது பீங்கான். சாதாரணக் கார்களுக்குச் சென்சார் விலை சில ஆயிரங்களில் முடியும். கெட்ட சென்சாரோடு மாதக்கணக்கில் ஓட்டி, கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் செலவு பல மடங்காகும்.

இதிலெல்லாம் போகாமல் குறுக்குவழி காட்டுபவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும், நாலு நாளில் திரும்ப எரியும். பழைய கார் விற்பவர்களுக்கு அந்த நாலு நாள் போதும். வாங்குபவர்கள் சாவியை ஆன் நிலையில் வைத்துப் பாருங்கள். என்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ அதன் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள். இன்னும் சிலர் கன்வெர்ட்டரின் உட்பகுதியையே குடைந்து எடுத்துவிட்டு, பின் சென்சாரை ஏமாற்ற ஒரு ஸ்பேசர் வைக்கிறார்கள். உள்ளிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்கு நல்ல விலை. குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் களவுபோனது இதற்காகத்தான்.

மைலேஜ் குறைந்தால் உடனே சென்சாரைத் திட்டாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் எடையில் ஏறக்குறைய 35 சதவீதம் ஆக்சிஜன். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. சென்சார் அந்தக் கூடுதல் ஆக்சிஜனைக் கண்டுகொண்டு ஈசியுவிடம் சொல்லும், ஈசியு கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும். எத்தனாலை எதிர்பார்க்காமல் வடிவமைத்து, இ10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. அந்த அளவுக்குக் குறைந்தால் அது எரிபொருள் விவகாரம். 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி திடீரென்று 13 கொடுத்தால் பட்டறைக்குப் போங்கள்.

தூங்கும் டிரைவர்

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம்வரை இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு அது 0.3 சதவீதம். பத்தில் ஒரு பங்கு. இந்தக் குறைவு சென்சாரும் கன்வெர்ட்டரும் சேர்ந்து செய்த வேலை. சென்சார் கெட்டு, பெட்ரோல் மிதமிஞ்சி எரிந்து, அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரும் போன கார், பெயருக்குத்தான் புதிய கார். அதன் புகை பழைய காலத்துப் புகை.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, பிறகு தூக்கம். ஏற்கெனவே தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. ஓடும் காரில் புகை பின்னால் போய்விடும். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நிறுத்திய கார்களுக்கு நடுவே, காற்று அசையாத இரவில், மணிக்கணக்காக என்ஜினை ஓடவிட்டால் அப்படிப் போகாது. அடிப்பக்கத்தில் சைலன்சர் ஓட்டையோ, டிக்கி ரப்பர் பீடிங் கிழிசலோ இருந்தால் உள்ளே வர வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம் என்று தெரியவந்தது. அங்கே புகைவிட்டது ஜெனரேட்டர், காரின் என்ஜின் அல்ல. ஆனால் மூடிய வண்டிக்குள் தூங்கியவர்களைக் கொன்ற வாயு இதேதான்.

டிரைவரை வைத்துக் கிரிவலம் வருபவர்கள் அவருக்கு ஒரு பாயும், படுக்க ஓர் இடமும் ஏற்பாடு செய்து கொடுங்கள். முடியாவிட்டால் என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். கொசு கடிக்கும், பரவாயில்லை.

கடைசியாக, புகைச் சான்றிதழ். அது இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறைக்கும் இடமிருக்கிறது. அந்தப் பயத்தில் எல்லோரும் சான்றிதழ் வாங்கிவிடுகிறோம், பரிசோதனையை யாரும் கவனிப்பதில்லை. பிஎஸ்-4, அதற்குப் பிந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் குழாயை நுழைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. என்ஜினை 2,500 ஆர்பிஎம் பக்கம் ஏற்றிப் பிடித்து, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று சில நிமிடங்களில், பட்டறைக்கே போகாமல், தெரிந்துகொள்ளும் வழி இது. சான்றிதழில் அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது. அடுத்த முறை அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் போடுமுன் கட்டத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.